தாடை நகர்ந்தால் மூச்சு வழிவிடும்: குறட்டைக்கான பல் கருவி பிறந்த கதை

குறட்டையைக் குறைக்க இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் கருவி 1980-களில் வந்தது என்று சொல்வது வழக்கம். ஆண்டுக் கணக்கில் அது சரி. ஆனால் அதைச் செய்வதற்கான அறிவும் கைவேலையும் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே பல் மருத்துவர்களிடம் இருந்தன. குறட்டைக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கலாம் என்ற எண்ணமும், அதை அளந்து காட்டும் வழியும்தான் இல்லை. ஆகவே, இக்கருவி பிறந்த இடம் பல் பட்டறை என்பதைவிடத் தூக்க ஆய்வுக்கூடம் என்பதே பொருந்தும்.

முதலில் அந்த அறிவு. அறுவை மேசையில் நோயாளிக்கு மயக்க மருந்து ஏறியதும் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது; மூச்சு கொறகொறவென்று இழுக்கிறது. மருத்துவர் காதுமடலுக்குக் கீழே தாடை வளையும் இடத்தில் இரு கை விரல்களையும் கொடுத்து முன்னால் தள்ளுகிறார். கீழ்ப்பற்கள் மேற்பற்களைத் தாண்டி வர, ஓசை அடங்கிவிடுகிறது. நாக்கை முன்னிழுக்கும் முக்கியத் தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில் பற்றியிருப்பதால், தாடை போகுமிடத்துக்கு நாக்கும் போகிறது. நார்வேயின் ஹைபெர்க்கும் ஜெர்மனியின் எஸ்மார்க்கும் 1870-களில் பரப்பிய கைமுறை இது. தாடையை முன்னால் பிடித்து வைக்கும் கருவிக்கும் பஞ்சமில்லை: பிரான்சின் பியேர் ரொபேன் 1902-இல் 'மோனோபிளாக்' என்ற ஒற்றைத் துண்டுக் கருவியை விவரித்தார், எமில் ஹெர்ப்ஸ்ட், விக்கோ ஆண்ட்ரேசன் ஆகியோரின் கருவிகளும் அடுத்தடுத்து வந்தன.

அப்படியானால் ரொபேனே முன்னோடி அல்லவா என்று கேட்கலாம். நாக்கு சரிந்து மூச்சை அடைப்பதைப் பற்றி 1923-இல் எழுதியவர் அவர். அந்தப் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் கண்ணில் பட்டவர்கள் சிறுத்த தாடையுடன் பிறந்து மூச்சுக்கும் பாலுக்கும் திணறிய குழந்தைகள். உறங்கும் பெரியவரின் மூச்சைப் பதிவுசெய்ய அன்று வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு யாரும் கருவி செய்வதில்லை.

நோய் தெரிந்தது 1965-இல். மார்சேயில் காஸ்தோவின் குழுவும், ஃபிரைபுர்க்கில் யுங், கூலோ இருவரும் உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோவதைப் பதிவுசெய்தார்கள். முதலில் கிடைத்த தீர்வு கொடுமையானது: கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. 1981-இல் சிட்னியின் காலின் சலிவன் காற்றழுத்த முகமூடியை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டே சிகாகோவில் உளவியலாளர் ராசலிண்ட் கார்ட்ரைட்டும் மனநல மருத்துவர் சார்லஸ் சாமெல்சனும், நாக்கின் நுனியை ஒரு மென்குமிழில் உறிஞ்சிப் பிடித்து வைக்கும் கருவியின் பலனை வெளியிட்டார்கள். 1984-இல் ஜெர்மனியில் மையர்-எவர்ட் குழு கீழ்த்தாடையை முன்னகர்த்தும் கருவியைக் கொண்டுவந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் 'எஸ்மார்க் கருவி'. மயக்க மருந்து மேசையின் கைமுறையே வாய்க்குள் வந்ததற்கு அந்தப் பெயரே சாட்சி. இத்தகைய கருவியைப் பற்றி 1985-இல் எழுதிய ஹவாயின் பீட்டர் ஜார்ஜ் பல் சீரமைப்பு மருத்துவர்தானே எனலாம். உண்மைதான். ஆயினும் அவர் எழுதியது ஒரு பொது மருத்துவ இதழில், உறக்க மூச்சுத்தடைக்கான சிகிச்சையாகவே வெளிவந்தது.

முகமூடியே வலியது, பல் கருவி எதற்கு என்பது இன்னொரு ஆட்சேபம். சிட்னி ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் மூச்சுத்தடைகளின் எண்ணிக்கை மணிக்குச் சராசரியாக முகமூடியால் 4.5 ஆகவும், பல் கருவியால் 11.1 ஆகவும் குறைந்தது. ஆனால் முகமூடியை இரவில் 5.2 மணி நேரமே அணிந்தவர்கள், பல் கருவியை 6.5 மணி நேரம் அணிந்தார்கள். ரத்த அழுத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. கழற்றி வைத்த முகமூடி எவ்வளவு வலியதாக இருந்தும் பயனில்லை. பல் கருவிக்கும் குறையுண்டு: தாடை மூட்டு வலிக்கலாம், ஆண்டுக்கணக்கில் அணிந்தால் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் மாறலாம். அதனால்தான் 2015-இல் அமெரிக்க உறக்க மருத்துவ வழிகாட்டுதல், பல் அச்செடுத்துச் செய்த, திருகால் சிறிது சிறிதாக முன்னகர்த்தக்கூடிய கருவியையும் தொடர் பரிசோதனையையும் பரிந்துரைத்தது.

வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் மலிவுக் கருவியைப் பரிசோதனையின்றி வாங்குபவர் 1965-க்கு முந்திய இருட்டுக்கே திரும்புகிறார். ஓசை அடங்கியும் மூச்சுத்தடை தொடரலாம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூட அது தெரியாது. பல் அச்செடுக்கும் முன், ஓர் இரவு உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.