வெயில் மரணத்துக்குச் சான்று எது? அகமதாபாத், 2010 மே

2010 மே 21 அன்று அகமதாபாதில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியசை எட்டியது. அந்த மாதம் முழுவதும் நகரில் பதிவான இறப்புகள் 4,462. முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதச் சராசரியோ 3,118. இடையே உள்ள 1,344 உயிர்களை 2014இல் வெளிவந்த ஆய்வு ‘மிகை இறப்பு’ என்று கணக்கிட்டது. வெப்பத்தால் நேரும் சாவை அறிய இறந்தவரின் உடலை ஆராய்வதைவிட, இப்படி நகரம் முழுவதன் இறப்புகளையும் எண்ணிப் பார்ப்பதே நம்பகமான வழி என்பது என் வாதம்.

காரணம் உடலியலில் இருக்கிறது. வெப்பம் ஏறும்போது உடல் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பி, வியர்த்துக் குளிர முயல்கிறது. இதயம் வேகமாக உழைக்கிறது. நீரிழப்பால் சிறுநீரகம் தளர்கிறது. ஏற்கெனவே நோயுற்ற இதயமோ சிறுநீரகமோ இந்தச் சுமையில் நின்றுவிட்டால், சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் எழுதப்படும். எழுதிய மருத்துவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கொதிக்கும் தகரக் கூரையின் கீழ் பல இரவுகள் உறக்கமின்றிக் கிடந்தது அந்தத் தாளில் ஏறுவதில்லை. வெப்ப வாதம் என்று ஐயமின்றி அறியப்படுபவை மொத்த இழப்பில் ஒரு சிறு பங்கே. அவற்றை மட்டும் எண்ணும் அரசு, பேரிடரைச் சிறு விபத்தாகவே காணும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: எப்படியும் சில வாரங்களில் இறந்திருக்கக்கூடிய முதியவர்களைத்தான் வெயில் முந்திக்கொண்டது, ஆகவே மிகை எண்ணிக்கை உண்மை இழப்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பார்கள். ஒரு பகுதிக்கு இது பொருந்தலாம். ஆனால் அகமதாபாதின் சாரதாபென் மருத்துவமனையில் வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிரச் சிகிச்சைக்கு வந்தவை பச்சிளங் குழந்தைகள். வெப்பநிலை 42 டிகிரியைத் தாண்டியதும் இத்தகைய சேர்க்கைகள் கூடின. அனல் இறங்கும் மேல்மாடியிலிருந்து பிறந்த குழந்தைகளின் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் குறைந்தன. ஒரு தளம் மாறியதால் தப்பும் உயிரை, எப்படியும் போகவிருந்த உயிர் என்று யார் சொல்வது?

2010இன் அந்த மிகை இறப்பு எண்ணிக்கைதான் ஆட்சியையும் அசைத்தது. காந்திநகர் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து அகமதாபாத் மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தெற்காசியாவில் அதுவே முதல். எந்தச் சூட்டில் எச்சரிக்கை விடுப்பது என்பதும் உள்ளூர் இறப்புப் பதிவுகளைக் கொண்டே முடிவானது. திட்டத்தின் பயனை அளந்ததும் அதே அளவுகோல்தான்: ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2018இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

ஆனாலும் எச்சரிக்கை கேட்டு வீட்டில் இருக்க முடிந்தவர்களையே எச்சரிக்கை காக்கும். தள்ளுவண்டிக்காரருக்கும் சித்தாளுக்கும் அன்றைய கூலியை இழக்காமல் நிழல் கிடைப்பதில்லை. பெண் தொழிலாளர்களுக்காக இலா பட் 1972இல் அகமதாபாதில் தொடங்கிய ‘சேவா’ அமைப்பு, 2023இல் தன் உறுப்பினர்களுக்குக் கொண்டுவந்த வெப்பக் காப்பீட்டை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். குறிப்பிட்ட வெப்பநிலை வரம்பு தாண்டப்பட்டால் பணம் வழங்கப்படும். எந்தப் பெண்ணும் தன் உடல் நலிந்ததற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சான்று வானிலைப் பதிவிலேயே இருக்கிறது.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் வகுத்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆயினும் மரணம் வெயிலால்தான் நேர்ந்தது என்று ஒவ்வொரு குடும்பமும் நிறுவ வேண்டியிருந்தால், மாரடைப்பு என்று எழுதப்பட்ட கட்டடத் தொழிலாளியின் குடும்பம் வெளியே நிற்கும். கோடை மாதங்களில் எல்லா இறப்புகளையும் வாரந்தோறும், வயது, வட்டம் வாரியாக, உள்ளாட்சிகள் வெளியிட வேண்டும். வரம்பு கடந்த நாட்களில் திறந்தவெளியில் உழைத்தவர் இறந்தால் அதை வெப்ப மரணமாகவே முதலில் கொள்ள வேண்டும்; வேறு காரணம் உண்டெனில் அதை நிறுவும் பொறுப்பு அரசினுடையது.