ஜெப்பர்டி: குறிப்புகளும் போட்டியாளர் உத்தியும்

ஜெப்பர்டி அமெரிக்கத் தொலைக்காட்சியின் பொது அறிவு வினாடி வினா நிகழ்ச்சி. மெர்வ் கிரிஃபின் உருவாக்கிய இது, ஆர்ட் ஃபிளெமிங்கைத் தொகுப்பாளராகக் கொண்டு 1964 மார்ச் 30 அன்று என்பிசியில் தொடங்கியது. இன்றைய வடிவம் 1984-இல் வந்தது. அலெக்ஸ் ட்ரெபெக் 2020-இல் இறக்கும்வரை அதைத் தொகுத்து வழங்கினார். விடை போல அமைந்த குறிப்பு முதலில் வரும். போட்டியாளர் அதற்குரிய கேள்வியைச் சொல்ல வேண்டும். மூவர் ஆடும் ஆட்டத்தில் இரண்டு சுற்றுகள். பலகையில் சுற்றுக்கு ஆறு தலைப்புகள், தலைப்புக்கு ஐந்து குறிப்புகள்; கீழே செல்லச் செல்லக் குறிப்பின் தொகை கூடும். ஃபைனல் ஜெப்பர்டி எனப்படும் கடைசிக் குறிப்புக்கு மூவரும் பணயம் வைத்து விடை எழுதுவார்கள். நினைவாற்றல் மிக்கவர் வெல்லும் போட்டி என்றே இது பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் தவறான விடைக்கு அந்தக் குறிப்பின் தொகை கையிருப்பிலிருந்து கழிக்கப்படும் என்ற ஒரு விதி இந்தப் போட்டியின் தன்மையையே மாற்றிவிடுகிறது. எதை அறிந்திருக்கிறோம் என்பதோடு, அதை எவ்வளவு உறுதியாக அறிந்திருக்கிறோம் என்பதையும் கணிக்கத் தெரிந்தவரே இங்கே நிலைக்கிறார்.

குறிப்பின் அமைப்பு

ஒரு குறிப்பு பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் விடையை நோக்கி அழைத்துச் செல்லும். ‘இந்த நாடு’, ‘இந்த எழுத்தாளர்’ போன்ற சுட்டு, விடை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடும். தலைப்பு தேடலின் எல்லையைக் குறுக்கும். தலைப்பில் மேற்கோள் குறிக்குள் எழுத்துகள் இருந்தால் அவை விடையிலும் வர வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் கணினி 2011 பிப்ரவரியில் ஆடிய ஆட்டத்தின் இறுதிக் குறிப்பு, விடைக்குப் பல வழிகள் இருப்பதற்கு நல்ல சான்று. தலைப்பு அமெரிக்க நகரங்கள். நகரத்தின் மிகப்பெரிய விமான நிலையம் இரண்டாம் உலகப்போர் வீரர் ஒருவரின் பெயரையும், அடுத்த பெரியது அப்போரின் சண்டை ஒன்றின் பெயரையும் தாங்கியவை என்பது குறிப்பு. ஓஹேர் என்ற வீரரை அறியாதவரும் மிட்வே சண்டையை நினைவுகூர்ந்தால் சிகாகோவை எட்டிவிடலாம். வாட்சனை எதிர்த்து ஆடிய முன்னாள் வெற்றியாளர்கள் கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் இருவரும் எட்டினார்கள். வாட்சனோ கனடாவிலுள்ள டொரண்டோவை எழுதியது. தலைப்புக்கு அது போதிய எடை தரவில்லை. ஆனாலும் தன் விடையில் நம்பிக்கை குறைவு என்று கணித்து, 36,681 டாலர் கையிலிருந்தும் 947 டாலரை மட்டுமே பணயம் வைத்திருந்தது. தவறிய பின்னும் முன்னிலை கலையவில்லை. ஜென்னிங்ஸையும் ரட்டரையும் அது இறுதியில் வென்றது.

பஸ்ஸர்

விடை சொல்லும் உரிமைக்காகப் போட்டியாளர் அழுத்தும் பொத்தானே பஸ்ஸர். தொகுப்பாளர் குறிப்பை வாசித்து முடிக்கும்வரை அது இயங்காது. முடிந்ததும் பலகையின் ஓரத்தில் விளக்குகள் எரியும். அதற்கு முன்பே அழுத்தியவரின் பஸ்ஸர் கால் நொடி பூட்டப்படும். அந்தக் கால் நொடியில் குறிப்பு பெரும்பாலும் அடுத்தவர் கைக்குப் போய்விடும். 1985 வரை இந்தக் காத்திருப்பு இல்லை. மூவருக்கும் விடை தெரிந்த குறிப்புகள் ஏராளம் என்பதால், வாசிப்பின் தாளத்தைப் பழகிய கட்டைவிரலே அங்கே முந்துகிறது. பல நாள் வென்றவர் புதியவரைவிட இதில் தேர்ந்திருப்பது இயல்பு. எனினும் கையின் வேகம் மட்டும் இதற்குப் போதாது. அழுத்திய பின் விடை சொல்ல ஐந்து நொடி உண்டு. எனவே பெயர் நாவுக்கு வருமுன்பே, அது வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அழுத்த வேண்டியிருக்கிறது. நம்பிக்கை பொய்த்தால் பணம் போகும். தயங்கினால் வாய்ப்பு போகும்.

தேர்வு வரிசையும் பணயமும்

முதல் சுற்றில் ஒன்றும் இரண்டாம் சுற்றில் இரண்டுமாக ‘டெய்லி டபுள்’ குறிப்புகள் பலகையில் மறைந்திருக்கும். அதைத் தேர்ந்தவர் மட்டுமே விடை சொல்லலாம். கையிருப்பு முழுவதையும் பணயம் வைக்கலாம். அவை மேல் வரிசையில் அரிதாகவும் கீழ் வரிசைகளில் மிகுதியாகவும் இருக்கும். 1985-இல் சக் ஃபாரெஸ்டும் 2014-இல் ஆர்தர் சூவும் மேலிருந்து கீழாகச் செல்லும் வழக்கமான வரிசையை விட்டு, தலைப்புக்குத் தலைப்பு தாவித் தேர்ந்தார்கள். 2019-இல் ஜேம்ஸ் ஹோல்சாவர் கீழ் வரிசையின் பெருந்தொகைகளை முதலில் திரட்டினார். டெய்லி டபுள் கிடைத்தபோது பணயம் வைக்க அவரிடம் முதல் இருந்தது. ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர் என்று 2010 முதல் நின்ற சாதனையை 1,31,127 டாலராக உயர்த்தினார். 2004-இல் ஜென்னிங்ஸ் 74 வெற்றிகளில் ஈட்டியது 25,20,700 டாலர். ஹோல்சாவர் 32 வெற்றிகளிலேயே 24,62,216 டாலரை எட்டினார்.

மறுப்புகள்

இது சூதாட்டம், அறிவுக்கு இதில் இடம் சிறிது என்பது முதல் மறுப்பு. ஹோல்சாவர் தோற்ற ஆட்டமே அதற்குப் பதில் தருகிறது. 2019 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான அந்த ஆட்டத்தில், நூலகரான எம்மா பெட்சர் இரண்டாம் சுற்றின் இரண்டு டெய்லி டபுள்களையும் கண்டெடுத்து, 26,600 டாலருடன் இறுதிக் குறிப்புக்கு வந்தார். ஹோல்சாவரிடம் 23,400, மூன்றாமவரிடம் 11,000. ஹோல்சாவர் தன் தொகையை இரட்டித்தாலும் ஒரு டாலர் மிஞ்சும்படி பெட்சர் 20,201 வைத்தார். ஹோல்சாவர் வைத்தது 1,399 மட்டுமே. தவறினாலும் கையில் 22,001 நிற்கும். மூன்றாமவர் இரட்டித்தால் கிடைக்கும் 22,000-ஐ அது ஒரு டாலரால் தாண்டும். பெட்சர் சரியாக எழுதினால் தனக்கு வழியில்லை, தவறினால் வெற்றி தனதே என்று கணக்கிட்டே அவர் குறைத்து வைத்தார். மூவரும் கிறிஸ்டோபர் மார்லோ என்று சரியாகவே எழுத, பெட்சர் 46,801 டாலருடன் வென்றார். துணிச்சலுக்குப் பெயர்பெற்றவரின் மிகச் சிறிய பணயம் தன் நிலைமையைத் துல்லியமாக அளந்ததன் விளைவு.

இரண்டாவது மறுப்பு ஜென்னிங்ஸைச் சுட்டுகிறது: பெரும்பாலும் மேலிருந்து கீழாக, தலைப்பு வரிசைப்படியே ஆடியவர் இன்றும் அதிக வெற்றிகள் பெற்றவராக இருக்கிறார் என்றால் உத்தி எதற்கு? அவருடைய பரந்த அறிவும் பஸ்ஸர் தேர்ச்சியும் மறுக்க முடியாதவை. 74 வெற்றிகளில் 65-இல், யாரும் எட்ட முடியாத முன்னிலையோடுதான் அவர் இறுதிக் குறிப்புக்கு வந்தார். ஆனால் அவர் தோற்ற நாளில் இரண்டாம் சுற்றின் டெய்லி டபுள்கள் இரண்டையும் தவறவிட்டு 14,400 டாலரில் நின்றார். அன்று அவரை வென்ற நான்சி செர்க்கிடம் 10,000 இருந்தது. பணயங்கள் கைகொடுக்காதபோது, அத்தனை அறிவையும் இறுதிக் குறிப்பில் நேர்ந்த ஒரே தவறு வீழ்த்தியது.

மூன்றாவது மறுப்பு பார்வையாளர் சார்ந்தது. எளியதிலிருந்து கடினத்துக்கு ஏறும் தலைப்பின் ஒழுங்கைத் தாவல் குலைக்கிறது. ட்ரெபெக்குக்கும் அது பிடிக்கவில்லை. இந்தக் குறை உண்மையானது: வீட்டிலிருந்து ஆடுபவருக்குத் தலைப்பின் போக்கைப் பழகும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் அடுத்த குறிப்பைத் தேரும் உரிமையைப் போட்டியாளருக்குத் தந்தது விதிதான். அந்த உரிமையை முழுதாகப் பயன்படுத்துபவரைக் குறை சொல்வது முறையாகாது. வரிசையைக் காக்க வேண்டுமானால் விதியை மாற்றலாம். அப்போதும் தவறுக்குத் தொகை கழியும்வரை, தன் உறுதியைத் தானே மதிப்பிடும் திறன் வெற்றிக்கு இன்றியமையாததாகவே இருக்கும். தேர்வறைகள் அரிதாகவே சோதிக்கும் அந்தத் திறனை நாள்தோறும் வெளிப்படையாகச் சோதிப்பதுதான் ஜெப்பர்டியின் தனி மதிப்பு.