'மா': சுவையா, அதிர்வா?

பல்வலிக்குக் கிராம்பைக் கடித்தவர்களுக்கு நாக்கு மரத்துப்போவது எப்படி இருக்கும் என்று தெரியும். நாம் அதை மருந்தின் குணம் என்போமே தவிர, சுவை என்று சொல்வதில்லை. சீனாவின் தென்மேற்கிலுள்ள சிச்சுவான் மக்களோ, நாக்கு மரமரத்து விறுவிறுப்பதையே உணவின் சிறப்பாகக் கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் வழங்கும் சொல் 'மா'.

இவ்வுணர்வைத் தருவது 'ஹுவாஜியாவ்' என்னும் சிறு காய். பிற நாட்டார் இதைச் சிச்சுவான் மிளகு என்றாலும் இது மிளகுக்கு உறவன்று; எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கரிய விதையை நீக்கிவிட்டு மேல்தோலை மட்டுமே பயன்படுத்துவர். சாங்ஷா நகரில் 1972இல் தோண்டப்பட்ட மாவாங்துய் கல்லறையில், கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் சீமாட்டி ஒருத்தியின் உடலோடு இதுவும் கிடைத்தது. 'ஜியாவ்' என்றால் அன்று இந்தக் காய்தான். பின்னர் இந்தியாவிலிருந்து சென்ற மிளகு 'ஹுஜியாவ்', அதாவது அயலார் ஜியாவ் ஆயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாயை 1591இல் காவ் லியன் என்பவர் தம் நூலில் பார்க்க அழகான செடியாகவே குறித்தார். அதன் காரத்திற்கு 'லா' என்ற சொல் வழங்கியது. மரப்பும் காரமும் சேர்ந்தால் 'மாலா'!

'மா' என்ற எழுத்துக்கு நார் தரும் கஞ்சாச் செடி என்ற பொருளும் உண்டு. அறுவைக்கு முன் ஹுவா தோ என்ற பழங்கால மருத்துவர் மதுவில் கலந்து தந்ததாகச் சொல்லப்படும் மயக்க மருந்தின் பெயரிலும் இவ்வெழுத்தே முதலில் நிற்கிறது. அம்மைத் தழும்புக்கும் இதே எழுத்துதான். செங்து நகரின் புகழ்பெற்ற 'மாபோ தோஃபு' தழும்பு முகத்துப் பாட்டியின் பெயரால் வந்தது; நாக்கு மரப்பதால் வந்த பெயர் என்று எண்ணிவிடக் கூடாது.

புளிப்பு, கசப்பு, இனிப்பு, உறைப்பு, உவர்ப்பு என்ற சீனரின் பழைய ஐஞ்சுவைப் பட்டியலில் 'மா' இல்லை. அப்படியானால் அது என்ன?

2013இல் லண்டன் ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய சோதனை செய்தனர். சிலரின் உதட்டில் இக்காயின் பொடியைத் தடவி, விரலில் ஒரு சிறு அதிர்வுக் கருவியைப் பொருத்தினர். உதட்டின் விறுவிறுப்பும் விரலின் அதிர்வும் ஒன்றுபோல் தோன்றும்வரை கருவியின் அதிர்வெண்ணை மாற்றினர். இரண்டும் பொருந்தியது ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில். (நம் வீட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண்ணும் அதுவே, ஆனால் இது தற்செயல்.) தோலின்மீது ஏற்படும் அதிர்வை மூளைக்குத் தெரிவிக்கும் ஒருவகைத் தொடுநரம்பு நன்கு வேலை செய்யும் எல்லைக்குள் இவ்வெண் அடங்குகிறது. காயிலுள்ள சான்ஷூல் என்ற வேதிப்பொருள் அந்நரம்பைத் தூண்டிவிடுகிறது. உதடு உண்மையில் அதிர்வதில்லை. அதிர்கிறது என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போகிறது.