தமிழ்நாட்டில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்பது நோய்க்குறிகள் எவையும் இல்லாத பெண்களிடம், புற்றுநோயாக மாறக்கூடிய உயிரணு மாற்றங்களை முன்கூட்டியே கண்டறியும் முறையாகும். மனித பாப்பிலோமா தீநுண்மத்தின் நீடித்த தொற்றே இந்நோய்க்கு முதன்மைக் காரணம். தொற்று புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் ஆவதால், இடைப்பட்ட காலத்தில் கண்டறிந்து மருத்துவம் செய்தால் நோயைத் தடுக்க இயலும்.

முறை

நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (வினிகரில் உள்ள அமிலம்) கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெறுங்கண்ணால் பார்ப்பது எளிய முறையாகும். மாற்றமடைந்த பகுதி வெண்ணிறமாகத் தோன்றும். ஆய்வகம் தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். முடிவு உடனே தெரிந்துவிடும். எனினும் முடிவின் நம்பகத்தன்மை, பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது.

திண்டுக்கல் ஆய்வு

இம்முறையின் பயனை அறிய, திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. பரிசோதனைக் குழுவில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர் 2000-2003 காலத்தில் பரிசோதிக்கப்பட்டனர். மற்றொரு குழுவினருக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே கிடைத்தது. 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவுகளின்படி, பரிசோதனைக் குழுவில் நோய் ஏற்படுவது 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைவாக இருந்தன.

புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்டவர்களில் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றனர். ஒப்பீட்டுக் குழுவினருக்குப் பரிசோதனை அளிக்கப்படாதது பின்னாளில் அறநெறி விவாதத்திற்கு உள்ளானது.

அரசுத் திட்டங்கள்

தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின் கீழ், 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் இது மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், 30 முதல் 65 வயதினருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனையைப் பரிந்துரைத்தன.

அணுகல்

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுடைய பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 விழுக்காடும், தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடும் ஆவர். கூச்சம், அச்சம், அறியாமை ஆகியன தடைகளாகும். கரடியூர் போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் இவற்றுடன் தொலைவும் சேர்கிறது. மேல்சிகிச்சைக்காக மலையிறங்கிச் சேலம் செல்லும் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி இழப்பாகும். மறுமுறை வரச் சொன்னால் பலர் வர இயலாது. எனவே பரிசோதனையையும் தொடக்கநிலைச் சிகிச்சையையும் ஒரே வருகையில் முடிப்பது இத்தகைய இடங்களுக்கு ஏற்றது.

உலக சுகாதார அமைப்பு 2021இல் தீநுண்ம டி.என்.ஏ. சோதனையை முதன்மை முறையாகப் பரிந்துரைத்தது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கூச்சமெனும் தடை குறையும். ஆயினும் தொற்று உறுதியானவர்களுக்குத் தொடர்சிகிச்சை கிடைத்தால் மட்டுமே எம்முறையும் உயிர்காக்கும்.