டேவிட் லார்ட்

டேவிட் சாமுவேல் அந்தோனி லார்ட் (18 அக்டோபர் 1913 – 19 செப்டம்பர் 1944) இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரச விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டியவர். லார்ட் என்பது குடும்பப் பெயர்; பிரபுப் பட்டம் அன்று. நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகருக்கு அருகே முற்றுகையில் சிக்கிய பாராசூட் படையினருக்கு உணவும் தோட்டாவும் போடச் சென்றபோது அவருடைய டகோட்டா சுடப்பட்டுத் தீப்பற்றியது. அந்த நிலையிலும் அவர் இலக்கின் மேல் இரண்டு முறை பறந்து, சரக்கை இறக்கிய பிறகே உடன் வந்தவர்களைக் குதிக்கச் சொன்னார், தாம் குதிக்கவில்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. அந்தப் போரில் விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவுக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் அதுதான்.

இளமை

அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தார். தந்தை ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் வாரண்ட் அதிகாரி. முதல் உலகப் போர் முடிந்ததும் தந்தைக்கு இந்தியாவில் பணி அமையவே, டேவிட் லக்னோவில் கான்வென்ட் பள்ளியில் படித்தார். தந்தை ஓய்வு பெற்றபின் குடும்பம் வேல்ஸில் உள்ள ரெக்ஸம் நகரில் குடியேறியது. அபெரிஸ்ட்வித் நகரின் செயின்ட் மேரீஸ் கல்லூரியிலும் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர், கத்தோலிக்கக் குருவாகும் எண்ணத்தோடு ஸ்பெயினின் வயாதோலித் நகரிலிருந்த ஆங்கிலேயர் குருமடத்தில் சேர்ந்தார். குருத்துவம் தமக்கு உரிய வழியல்ல என்று பின்னர் தெளிந்து ஊர் திரும்பினார். 1930-களின் நடுப்பகுதியில் லண்டனில் எழுத்தை நம்பிப் பிழைக்க முயன்றார்.

1936 ஆகஸ்ட் 6 அன்று விமானப்படையில் சேர்ந்தார். சேர்ந்தது விமானியாக அல்ல, சாதாரணப் படைவீரராக. இரண்டு ஆண்டுகளில் கார்ப்பரல் ஆனார்; அதன் பிறகுதான் விமானப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். 1939 ஏப்ரலில் சார்ஜென்ட் விமானியாகத் தேறி வெளிவந்தபோது அவருக்கு வயது 25.

இந்தியாவும் பர்மாவும்

அவரை அனுப்பிய இடம் லாகூர். அங்கிருந்த 31-ஆம் ஸ்குவாட்ரன் 1915-இல் இந்தியாவுக்கு வந்த முதல் ராணுவ விமானப் பிரிவு. இந்திய வானில் முதலாவது என்பதையே தன் இலச்சினையில் லத்தீன் வாசகமாகப் பொறித்துக்கொண்ட பிரிவு. லார்ட் முதலில் ஓட்டியது விக்கர்ஸ் வாலன்ஷியா. இரட்டை அடுக்கு இறக்கைகளும் மேற்கூரையில்லாத விமானி இருக்கையும் கொண்ட மந்தமான பழைய விமானம் அது. 1941-இல் ஸ்குவாட்ரனுக்கு டக்ளஸ் டிசி-2 விமானங்கள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து டிசி-3, பிறகு டகோட்டா. லார்ட் வட ஆப்பிரிக்காவிலும் பறந்தார். அங்கே ஒரு முறை விமானம் நொறுங்கி விழுந்தும் பிழைத்தார். 1942 மே மாதத்தில் அதிகாரி நிலைக்கு உயர்ந்தார்.

அந்த மே மாதத்தைத் தமிழ் வாசகர் வேறொரு காரணத்தால் அறிவர். ஜப்பானியப் படை பர்மாவை விழுங்கிக்கொண்டிருந்தது. தமிழர் பெருந்தொகையாக அடங்கிய லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து அசாமையும் வங்காளத்தையும் நோக்கி நடந்தார்கள். வழியில் மாண்டவர் கணக்கு யாரிடமும் முழுமையாக இல்லை. அதே காட்டுக்கு மேலே 31-ஆம் ஸ்குவாட்ரன் விமானங்கள் மியிட்சினா வரை போய்வந்து, காயம்பட்டோரையும் அகதிகளையும் ஏற்றி வந்தன. அந்த விமானங்களில் இடம் கிடைத்தவர்கள் நடந்தவர்களோடு ஒப்பிட மிகச் சிலரே.

1943-இல் ஆர்டு விங்கேட் தலைமையில் சிந்திட்டுகள் எனப்பட்ட சுமார் 3,000 பேர் ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவுக்குள் ஊடுருவியபோது அவர்களுக்குத் தரைவழித் தொடர்பே இல்லை. அரிசி முதல் தோட்டா வரை வானிலிருந்துதான் விழ வேண்டும். அந்தப் பொறுப்பு 31, 194 ஆகிய இரு ஸ்குவாட்ரன்கள்மேல் விழுந்தது. காட்டுக்குள் பசியோடு காத்திருக்கும் ஆட்களுக்குக் குறித்த திறப்பில், குறித்த நேரத்தில் மூட்டை விழாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பர்மாவில் பறந்த ஒவ்வொரு சரக்கு விமானியும் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டார். லார்டின் கடைசி எட்டு நிமிடங்களைப் புரிந்துகொள்ள ஆர்ன்ஹெமை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய இந்த ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். பர்மாப் பணிக்காக அவர் பெயர் போர்க்கள அறிக்கையில் குறிப்பிடப்பட்டது. 1943 ஜூலையில் சிறப்புமிகு பறத்தல் சிலுவை விருதைப் பெற்றார். பதக்கம் பக்கிங்ஹாம் அரண்மனையில் அணிவிக்கப்பட்டது.

1944 ஜனவரிக்குள் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், டவுன் ஆம்ப்னி விமானத்தளத்தில் 271-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்திருந்தார். நார்மண்டி படையிறக்கத்தின்போது பாராசூட் வீரர்களைப் பிரான்சுக்கு ஏற்றிச் சென்றார். அன்றும் தரையிலிருந்து சுட்டதில் அவர் விமானம் அடிபட்டது. பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.

டகோட்டா

1935-இல் முதன்முதலாகப் பறந்த டிசி-3 பயணிகள் விமானத்தின் ராணுவ வடிவமே டகோட்டா. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள். ஏறத்தாழ 29 மீட்டர் அகல இறக்கை. குறுகிய மண் ஓடுதளத்திலும் இறங்கும், அடிபட்டாலும் பறக்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால் அதில் துப்பாக்கி இல்லை, விமானியைக் காக்கும் கவசத் தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. போர் விமானங்கள் பலவற்றில் இருந்த இந்தப் பாதுகாப்பு, மிகத் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்க வேண்டிய விமானத்தில் இல்லாமல் போனது எத்தனையோ உயிர்களைக் குடித்தது.

சரக்கு போடும் முறையே ஆபத்தைக் கூட்டியது. பிரம்புக் கூடைகளில் சரக்கை அடைத்துப் பாராசூட் கட்டி, தரையில் பதித்த உருளைகள்மேல் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். விமானி கட்டளை தந்ததும் பின்புறம் இடப்பக்கக் கதவு வழியே ஆட்கள் தள்ளுவார்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 50 மீட்டர் கடந்துவிடும். நான்கு நொடி தாமதித்தால் கூடை 200 மீட்டர் தள்ளி விழும். ஆகவே இலக்கை நெருங்கியதும் விமானி வளையக்கூடாது, ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. கீழே இருக்கும் பீரங்கிக்காரனுக்கு இதைவிட வசதியான இலக்கு வேறில்லை. சண்டை விமானி திரும்பிச் சுடலாம், நெளிந்து தப்பலாம். சரக்கு விமானியால் முடிந்ததெல்லாம் கைப்பிடியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான். இந்த வகைத் துணிவுக்குப் போர்க்கதைகளில் உரிய இடம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆர்ன்ஹெம்

1944 செப்டம்பர் 17 அன்று நேச நாடுகள் மார்க்கெட் கார்டன் நடவடிக்கையைத் தொடங்கின. நெதர்லாந்தின் ஆற்றுப் பாலங்களை வானிலிருந்து இறங்கும் படைகள் பிடிக்க வேண்டும். தரைப்படை அவற்றின் வழியே ஜெர்மனிக்குள் புக வேண்டும். மிகத் தொலைவில் இருந்தது ஆர்ன்ஹெம் பாலம். அது ராய் அர்கார்ட் தலைமையிலான பிரிட்டிஷ் முதலாம் வான்படைப் பிரிவின் பொறுப்பு. ஜெர்மன் எஸ்எஸ் கவசப் படைகள் அந்தப் பகுதியில் இருந்தன. இரண்டே நாளில் பிரிட்டிஷ் பிரிவு சிதறி, தோட்டாவும் சோறும் மருந்தும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

சரக்கு போட வேண்டிய இடங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தன. செப்டம்பர் 19-க்கு உரிய இடத்தைப் பிரிட்டிஷார் அதற்குள் கைப்பற்றியிருக்க வேண்டும். ஆனால் அது ஜெர்மானியர் வசமே இருந்தது. இடத்தை மாற்றச் சொல்லிக் கீழிருந்து அனுப்பிய செய்தி இங்கிலாந்தை எட்டவில்லை. அந்தப் படைப்பிரிவின் வானொலித் தொடர்பு தொடக்கம் முதலே சரியாக அமையவில்லை. தரையிலிருந்தவர்கள் மஞ்சள் துணிகளை விரித்தும் கையசைத்தும் பார்த்தார்கள். எதிரி ஏமாற்றக்கூடும் என்பதால், எந்தச் சைகை கண்டாலும் குறித்த இடத்திலேயே போடும்படி விமானிகளுக்கு உத்தரவு. அன்று போட்ட சரக்கில் மிகச் சிறு பகுதியே பிரிட்டிஷார் கைக்குக் கிடைத்தது.

கடைசிப் பறப்பு

லார்ட் அன்று ஓட்டியது கேஜி374 எண்ணுள்ள டகோட்டா. அவரோடு ஏழு பேர். துணை விமானி ரிச்சர்ட் மெட்ஹர்ஸ்ட். வயது 19, விமானப்படையின் உயர் அதிகாரி ஒருவருடைய மகன். வழிகாட்டி ஹாரி கிங். வானொலி இயக்குநர் அலெக் பாலன்டைன். சரக்கைத் தள்ளுவதற்கு ராணுவத்தின் ராயல் ஆர்மி சர்வீஸ் கோர் 223-ஆம் கம்பெனியிலிருந்து கார்ப்பரல் பிலிப் நிக்சன், லெனர்ட் ஹார்ப்பர், ஜேம்ஸ் ரிக்கட்ஸ், ஆர்தர் ரோபோதம் ஆகிய நால்வர்.

இலக்குக்கு மூன்று நிமிட தூரத்தில், 1,500 அடி உயரத்தில், வலப்பக்க இறக்கையில் இரண்டு முறை குண்டு பட்டது. வலது எஞ்சின் தீப்பிடித்தது. கூட்டத்தை விட்டு விலகவோ விமானத்தையே கைவிடவோ அவருக்கு முழு நியாயம் இருந்தது என்று விருதுக் குறிப்பே சொல்கிறது. ஆட்களுக்குக் காயமில்லை என்பதையும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொண்டார். கீழே இருப்பவர்களுக்குச் சரக்கு அவசியம் வேண்டும், முடித்துவிட்டே போவோம் என்று சொன்னார். 900 அடிக்கு இறங்கினார். எரிந்துகொண்டு வரும் ஒற்றை விமானத்தின்மேல் சுற்றியிருந்த விமான எதிர்ப்பு பீரங்கிகளெல்லாம் திரும்பின. அவர் கோட்டிலிருந்து விலகவில்லை, கூடைகள் விழுந்தன.

ஓட்டம் முடிந்ததும், இன்னும் இரண்டு மிச்சம் என்று பின்னாலிருந்து தகவல் வந்தது. பெரும்பகுதி போட்டாயிற்று, திரும்பிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இறக்கை அதிக நேரம் தாங்காது என்பது அனுபவமுள்ள விமானிக்குத் தெரியாமல் இருக்காது. லார்ட் வட்டமடித்து, பின்னால் வந்துகொண்டிருந்த விமான வரிசையில் மறுபடி சேர்ந்து, இரண்டாம் முறை இலக்கின் மேல் பறந்து அந்த இரண்டையும் போட்டார். முதலிலிருந்து இதுவரை எட்டு நிமிடம். அத்தனை நேரமும் விடாமல் சூடு.

பிறகே குதிக்க உத்தரவிட்டார். விமானம் அப்போது 500 அடிக்கு வந்திருந்தது. மற்றவர்கள் வெளியேற வேண்டுமானால் விமானம் நிலையாக நிற்க வேண்டும். அதை நிறுத்த ஒருவர் இருக்கையில் இருந்தாக வேண்டும். லார்ட் எழுந்திருக்கவில்லை. சில நொடிகளில் வலது இறக்கை முறிந்தது. மற்றவர்களுக்குப் பாராசூட் மாட்ட உதவிக்கொண்டிருந்த ஹாரி கிங் வெளியே வீசி எறியப்பட்டார். அவருடைய பாராசூட் விரிந்தது. மற்ற ஏழு பேரும் விமானத்தோடு விழுந்து மடிந்தார்கள். விமானம் விழுந்த இடம் வொல்ஃப்ஹேஸ ஊருக்கு அருகே. பதுங்குகுழிகளில் இருந்த பிரிட்டிஷ் வீரர்கள் பலர் எழுந்து நின்று அந்த விமானத்தைப் பார்த்தார்கள். அதை ஓட்டியவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சரக்கு எதிரி கையில் விழுந்ததால் இந்த உயிர்த்தியாகம் வீண் என்று எழுதியவர்கள் உண்டு. அதை ஏற்க முடியாது. இலக்கு தவறானது என்பது லார்டுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. அந்தக் குற்றம் எட்டாத செய்தியைச் சேர்ந்தது. ஒன்பது நாள் சண்டையின் முடிவில் ஆர்ன்ஹெமுக்குச் சென்ற சுமார் 10,000 பேரில் 2,000-க்குச் சற்று மேற்பட்டவர்களே ஆற்றைக் கடந்து திரும்பினார்கள். எஞ்சியோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர்.

விருது

நடந்ததை உள்ளிருந்து அறிந்த ஒரே ஆள் ஹாரி கிங். அவர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். 1945-இல் போர் முடிந்து விடுதலையான பின் அவர் சொன்ன பிறகுதான் இரண்டாம் ஓட்டத்தின் காரணம் உலகுக்குத் தெரிந்தது. விக்டோரியா கிராஸ் அறிவிப்பு 1945 நவம்பர் 13 அன்று அரசிதழில் வந்தது. டிசம்பரில் பெற்றோர் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் சென்று பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார்கள். ஆர்ன்ஹெம் சண்டைக்காக ஐந்து விக்டோரியா கிராஸ்கள் வழங்கப்பட்டன. ஐவரில் உயிரோடு அதைப் பெற்றவர் ராபர்ட் கெயின் ஒருவரே.

லார்டின் பதக்கம் 1997-இல் மைக்கேல் ஆஷ்கிராஃப்டின் சேகரிப்பில் சேர்ந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பறப்புக் குழு தன்னிடமுள்ள டகோட்டாவுக்குச் சில ஆண்டுகள் கேஜி374-இன் வண்ணமும் அடையாள எழுத்துகளும் தீட்டிப் பறக்கவிட்டது.

மடிந்த ஏழு பேரும் ஊஸ்டர்பேக் போர் வீரர் கல்லறையில் அடக்கமாகியிருக்கிறார்கள். லார்டைப் பற்றி எழுதுவோர் சரக்குத் தள்ளிய நால்வரை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அந்த நால்வரும் விமானப்படையினர் அல்லர். தரைப்படையின் வழங்கல் பிரிவு வீரர்கள். எஞ்சின் எரிவது தெரிந்தும் கதவோரம் நின்று கூடைகளைத் தள்ளினார்கள். மிச்சமிருந்த இரண்டையும் தள்ளி முடித்தவர்கள் அவர்களே. அவர்களைப் போன்ற வான்வழிச் சரக்கு வீரர்களுக்காக ஊஸ்டர்பேக்கில் 1994-இல் தனி நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.