பழைய கோழிக் கொட்டகையில் வெப்பத்தடுப்பு: நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

நாமக்கல் வட்டார முட்டைக்கோழிப் பண்ணைகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட பழைய கொட்டகைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பக்கங்களில் கம்பி வலைதான், சுவர் இல்லை. ஆகவே இங்கே வெப்பத்தடுப்பு என்பது பெரிதும் கூரையைப் பற்றியதே. கூரையின் அடிப்பரப்பு சூடேறாமல் காப்பதே முதற்பணி என இக்கட்டுரை வாதிடுகிறது.

2. வெப்பமும் கோழியின் உடலும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் இயல்பான உடல்வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். கொட்டகைக்குள் வெப்பம் ஏற ஏற இறக்கையை அகட்டி, அலகைத் திறந்து இரைக்கிறது. தீவனம் எடுப்பதும் குறைகிறது. இரைப்பு மிகும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால், முட்டை ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைகிறது. கோடையில் ஓடு மெலிந்து முட்டை உடைவதற்கு இது முக்கியக் காரணம்.

3. கூரையைச் சீரமைக்கும் முறைகள்

3.1 வெள்ளையடித்தல்: சுண்ணாம்புப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. செலவு குறைவு; ஆனால் மழையில் கரைவதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்க வேண்டும். பழைய ஷீட்டை உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ துளையிடுவதோ கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு.

3.2 கீற்று போடுதல்: கூரைமேல் பரப்பிய தென்னங்கீற்றுகளுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. தீப்பிடிக்கும் அபாயமும் எலித்தொல்லையும் இதன் குறைகள்.

3.3 உள்கூரை: ஷீட்டுக்கு அடியில் இடைவெளி விட்டுப் பளபளப்பான அலுமினியத் தாள் கட்டினால் கூரையின் கதிர்வெப்பம் கீழே இறங்குவது பெரிதும் குறையும். அந்த இடைவெளியின் சூடான காற்று முகட்டுத் திறப்பு வழியே வெளியேற வேண்டும். தாளுக்குப் பதிலாக வெறும் தெர்மோகோல் கட்டினால் அதை வண்டும் எலியும் துளைத்துவிடும்.

4. காற்றோட்டமும் ஈரமும்

கூரையைக் காப்பது என்றால் பக்கங்களை அடைப்பது என்று பொருளல்ல. ஈரச் சாக்கால் சுற்றிலும் மூடினால் எச்சத்தின் அம்மோனியாவும் ஈரமும் உள்ளேயே தேங்கும். இரைப்பும் ஈரம் ஆவியாவதால்தான் கோழியைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் அடைபடும். எனவே நீரை நுண்துளிகளாகத் தூவும் ஃபாகர் வறண்ட பகலுக்கே ஏற்றது. கூரைமேல் ஸ்பிரிங்ளர் வைத்தால் நீர் எச்சக்குழியில் விழாதபடி வடிகால் வேண்டும். இல்லையேல் ஈ பெருகும்.

5. முடிவு

கூரைச் சீரமைப்பின் பலனை அறிய, கூரைக்கு மிக அருகிலுள்ள மேலடுக்குக் கூண்டின் உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பிற்பகலில் அளக்க வேண்டும். தரைமட்ட அளவு ஏமாற்றும். கையில் பணம் குறைவாக உள்ள பண்ணையாளர் முதலில் வெள்ளையடிக்கலாம், அடுத்து முகட்டுத் திறப்பைச் சரிசெய்யலாம், பிறகு உள்கூரை கட்டலாம். ஃபாகர் வாங்குவது இம்மூன்றுக்கும் பின்னரே.