பாராமகால் கோட்டைகளும் இரண்டு ஓவியர்களும்

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயர் பாராமகால். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதே ஆண்டு தாமஸ் டேனியல், தன் சகோதரர் மகன் வில்லியமுடன் இவ்வழியே வந்தார்.

மொட்டைப் பாறைக் குன்றுகளும் உச்சியில் நிற்கும் கோட்டைகளும் இருவரையும் கவர்ந்தன. ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம் போன்றவற்றை வரைந்தார்கள். நேரில் பார்த்துத் தீட்டிய பென்சில், நீர்வண்ணப் படங்களைப் பின்னர் லண்டனில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் (1795-1808) மொத்தம் 144 படங்கள்!

மலையின் அழகு மட்டுமா காரணம்? மைசூர்ப் போர்ச் செய்திகளைப் படித்த லண்டன்வாசிகளுக்கு அந்தக் கோட்டைகளைப் பார்க்கும் ஆவல் இருந்தது. ஓவியர்களுக்கு வழி திறந்ததும் போர்தான். ராயக்கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது 1791-ல். தூரிகை வந்தது அடுத்த ஆண்டு.